ஹம்பேர்க் கச்சேரிக் கசற்

புதன்கிழமை காலை சோமசேகரம் அண்ணை அறைக்குள் நடந்துகொண்டிருந்தார். அவர் இருந்து யோசிக்கிற ஆளில்லை. அவருக்கும் கதிரைக்கும் ஏழாம் பொருத்தம். கொழும்பில் காப்புறுதிக் கொம்பனி ஒன்றுக்காகப் பொய் சொல்லுகிறவர்களைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த மனிசன், எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் உடுத்த உடுப்போடு கப்பலேறி வந்து, இப்போது பருத்தித்துறையில் ஊராரின் பொய்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். நான் கனிசியஸ். என்னை உதவியாளன் என்று அவர் சொல்லுவார். சைக்கிள் ஓடத் தெரியாத துப்பறிவாளரைக் கரியரில் ஏற்றி உழக்குகிறவன் உதவியாளன் என்றால், வண்டில் மாடும் உதவியாளன்தான்.

வாசலில் நின்ற பெண்ணை இருக்கச் சொல்லவும் அவருக்குத் தோன்றவில்லை. நான்தான் கதிரையை இழுத்து விட்டேன். புலோலி பத்மாசினி. அவளுடைய கதை ஊருக்கெல்லாம் தெரியும். புருசன் செல்வநாயகம் கலவரத்துக்குப் பிறகு ஜேர்மனிக்குப் போனவன். எண்பத்து நாலு மார்கழியில், எல்லை கடக்கும்போது ஆற்றோடு போய்விட்டான் என்று யாரோ யாருக்கோ சொல்லி அனுப்பிய செய்தி மட்டும் வந்து சேர்ந்தது. உடம்பும் வரவில்லை, அதற்குப் பிறகு ஒரு கடிதமும் வரவில்லை. எண்பத்தாறு பிறந்தும் கழுத்தில் தாலிக்கொடி கிடந்தது, ஆனால் நல்ல காரியங்களுக்கு ஒருவரும் அவளைக் கூப்பிடுவதில்லை.

"வெள்ளிக்கிழமை அவருக்குக் கிரியை ஐயா," என்றாள். "கீரிமலைப் பாதை சரியில்லையெண்டு இஞ்சை கடற்கரையிலையே செய்யப் போகினம். தர்ப்பையிலை உருவம் செய்து எரிச்சுப்போட்டு, என்ரை கொடியையும் கழட்டுவினம். அதுக்கிடையிலை எனக்கு அந்தக் கசற் வேணும்."

"என்ன கசற்?"

"வெள்ளைக்காரரின்ரை பாட்டுக் கச்சேரி. ஹம்பேர்க்கிலை எடுத்த வீடியோப் படம். அதிலை சனத்துக்குள்ளை அவர் நிக்கிறார். தாடியும் மீசையுமாய், உயிரோடை."

அண்ணையின் நடை நின்றது. "படம் எப்ப எடுத்தது?"

"எண்பத்தைஞ்சு ஆடி எண்டு பெட்டியிலை அடிச்சுக் கிடக்கு."

"எண்பத்து நாலு மார்கழியிலை செத்தவர் எண்பத்தைஞ்சு ஆடியிலை கச்சேரி கேட்டிருக்கிறார்," என்றேன் நான். "நல்ல பாட்டுத்தான் போலை."

அண்ணை என்னைப் பார்த்த பார்வையில் பச்சைப் புல்லும் கருகியிருக்கும். பத்மாசினி கோபிக்கவில்லை. மிச்சத்தை ஒரே மூச்சில் சொன்னாள். செல்வநாயகத்தோடு படித்த மரியரட்ணம் என்பவன் கசற்றில் அவனைக் கண்டுவிட்டு ஓடிவந்து சொன்னானாம். போன வெள்ளிக்கிழமை பின்னேரம் நடராசாவின் வீடியோக் கடையில் ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, வீட்டில் போட்டார்களாம். சனிக்கிழமை காலை கடைக்காரன் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போன பிறகு, கடையில் போய்க் கேட்டால் பெட்டிக்குள் கசற் இல்லையாம்.

"நீங்கள் அவரைப் பாத்தனீங்களோ?" என்று அண்ணை கேட்டார்.

"அந்த இடம் வரமுந்திக் கறண்ட் போட்டுது ஐயா."

"வீட்டிலை ஆர் ஆர்?"

"நானும் மாமியும். இவரின்ரை பெரியப்பா, எனக்குப் பெரிய மாமா, அவரும் படம் பாக்க வந்தவர். கறண்ட் போனவுடனை அவர் எழும்பிப் போட்டார்."

"கிரியையை நிப்பாட்டச் சொல்லிக் கேட்டுப் பாக்கேல்லையோ?"

"கசற்றைக் காட்டு, நிப்பாட்டிறன் எண்டு பெரிய மாமா சொல்லிப்போட்டார்." அவள் எழுந்தாள். "எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம் ஐயா. வெள்ளிக்கு முந்தி எடுத்துத் தாங்கோ."

*

வெய்யில் மண்டையைப் பிளந்தது. பாதி வழியில் பலாலி ஆமி முகாம் பக்கமிருந்து ஹெலிகொப்டர் ஒன்று இரைந்துகொண்டு வந்தது. சைக்கிளைப் போட்டுவிட்டு வேலிக்கரையில் பதுங்கினோம். அது வட்டம் போட்டுப் போன பிறகும் அண்ணைக்குப் பொறுமையில்லை. "உழக்கும், உழக்கும்," என்று முதுகில் தட்டினார். எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை ஏன் காயுது என்று என்னை நானே கேட்டுக்கொண்டு உழக்கினேன். அன்று முழுக்க எள்ளுத்தான் எங்களை ஆட்டப் போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

நடராசா தன் கடை வாசலில் விசிறியோடு இருந்தார். உள்ளே சுவர் முழுக்கத் தமிழ்ப் படக் கசற்றுகள். மூலையில் கிற்றாரோடு ஒருவன் குந்தியிருந்து ஒரே கம்பியைத் திருப்பித் திருப்பித் தட்டிக்கொண்டிருந்தான். அவன்தான் மரியரட்ணம். கலியாண வீடுகளில் பைலா வாசிக்கிற கோஷ்டியில் கிற்றார் அடிக்கிறவன்.

"வல்வெட்டித்துறைக் கப்பல்காரன் ஒருத்தன் கொண்டுவந்து தந்த கசற்," என்றார் நடராசா. "பிளாக் ஃபெறி எண்ட பாட்டுக் கோஷ்டியாம். நாலு கிழட்டு வெள்ளையள், மயிர் இடுப்பு வரைக்கும். இந்த ஊரிலை அதை எடுத்துப் பாக்கிற ஒரே சீவன் உவன்தான். ஒரு பாட்டைப் பழகிறனெண்டு நிப்பாட்டி நிப்பாட்டி ரேப்பைத் தேய்ச்சுப்போட்டான்."

"அண்ணைக்கு விளங்காது," என்றான் மரியரட்ணம். அவன் முகமே மாறிவிட்டது. "திறந்த வெளி. மழை கொட்டுது. எள்ளுப் போட்டால் நிலத்திலை விழாத சனம், ஒருத்தர் அசையேல்லை. கடைசிப் பாட்டிலை மற்றவையெல்லாம் நிப்பாட்டிப் போடுவினம், ட்றம்ஸ்காரன் மட்டும் தனிய அடிப்பான். கமெரா அப்பிடியே சனத்துக்கு மேலாலை போகும். போய் ஒரு இடத்திலை நிக்கும். அதிலைதான் செல்வன்."

"முகம் வடிவாய்த் தெரிஞ்சதோ?"

"முகமெல்லாம் தாடி அண்ணை. கண்ணை வைச்சுத்தான் பிடிச்சனான். அவன்ரை இடக்கண் புருவத்திலை வெட்டுக் காயம் ஒண்டு கிடக்கு, கிரிக்கெட்டிலை நான் எறிஞ்ச பந்து."

"தாடியைப் பற்றி வீட்டிலை சொன்னனீரோ?"

"இல்லை. தாடியெண்டு சொன்னால் ஆள் மாறியெண்டு தட்டிக் கழிச்சுப் போடுவினம். அதாலை ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை. போட்டுப் பாருங்கோ எண்டு மட்டும் சொன்னனான்."

"பக்கத்திலை ஆர் நிண்டது?"

மரியரட்ணம் கிற்றாரைக் குனிந்து பார்த்தான். "சனந்தானே அண்ணை," என்றான். மறுபடி அதே கம்பியைத் தட்டத் தொடங்கினான்.

அண்ணை டெக்கைக் காட்டச் சொன்னார். பழைய மெசின். ஆர்மோனியக் கட்டை மாதிரி நீளப் பட்டன்கள். "அழுத்தினால் அழுத்தினபடி நிக்கும்," என்றார் நடராசா. "கறண்ட் போய்த் திரும்பி வந்தால் விட்ட இடத்திலையிருந்து தானாய் ஓடும். அண்டைக்குப் போன கறண்ட் விடியப்புறந்தான் வந்தது."

"அப்ப விடியப்புறம் அந்த வீட்டிலை படம் தானாய் ஓடியிருக்கு."

"ஓடியிருக்கும். இன்னுமொண்டு பாருங்கோ." நடராசா கசற்றின் பெட்டியை எடுத்து வந்தார். "சனிக்கிழமை ஏத்தேக்கை பெட்டி பாரமாய்த்தான் கிடந்தது. அதாலை நான் திறந்து பாக்கேல்லை. பத்மாசினி வந்து கேட்ட பிறகு திறந்தால் இதுதான் கிடக்கு."

உள்ளே கறுப்புச் சீலைத் துண்டில் முடிந்த ஒரு பொட்டலம். அண்ணை அவிழ்த்தார். எள்ளு.

"பாட்டுக்குப் பதிலாய் எள்ளுருண்டை," என்றேன். பிறகு எனக்கே பொறி தட்டியது. எள்ளும் தண்ணியும் இறைப்பது செத்தவர்களுக்கு. வெள்ளிக்கிழமைக் கிரியைக்குச் சாமான் வாங்கியவர் பெரியப்பா இராசநாயகம். அவருடைய மகளுக்கு ஆவணியில் கலியாணம் பேச்சு. இந்தச் சாவு தீராமல் இழுபட்டால் அந்த வீட்டில் மேளம் கேட்காது. கசற் காணாமல் போனால் யாருக்கு லாபம் என்று சின்னப்பிள்ளையும் சொல்லும்.

"பிடிச்சிட்டன் அண்ணை," என்றேன். அண்ணை பொட்டலத்தைச் சட்டைப் பைக்குள்ளும் பெட்டியைக் கக்கத்திலும் வைத்துக்கொண்டு கரியரில் ஏறினார்.

*

இராசநாயகம் புகையிலைத் தோட்டத்து வாய்க்காலில் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார். நான் விசயத்தை நேரே போட்டு உடைத்தேன். மனிசன் மண்வெட்டியை ஊன்றிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ரை தம்பியின்ரை பிள்ளை. உயிரோடை இருக்கிறானெண்டு தெரிஞ்சால் நானெடாப்பா முதல் ஆளாய் நல்லூருக்குக் காவடி எடுப்பன். இல்லாதவனுக்குச் செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டால் அந்த உயிர் அலையும். அந்தப் பயந்தான் எனக்கு. கசற்றை நான் ஏன் எடுக்கிறன்?"

"கிரியைச் சாமானைக் காட்டுங்கோ," என்றார் அண்ணை.

வீட்டுக்குள்ளிருந்து ஒரு பை வந்தது. கற்பூரம், தர்ப்பை, கடைக் கடதாசியில் சுற்றிய எள்ளு. "முழுக்க வாங்கி இரத்தினம்மா வீட்டிலைதான் வைச்சனான். திங்கக்கிழமை எடுத்து வந்து பாத்தால் எள்ளிலை பாதியைக் காணேல்லை. கேட்டதுக்கு, எலி திண்டிட்டுதெண்டு சொன்னவ." இரத்தினம்மா என்பது பத்மாசினியின் மாமி, செல்வநாயகத்தைப் பெற்றவள்.

அண்ணை கடதாசியைத் திருப்பிப் பார்த்தார். ஒரு கிழிசல் இல்லை. வாய் வடிவாக மடிக்கப்பட்டிருந்தது.

"திண்டு முடிச்சுக் கடதாசியையும் மடிச்சு வைச்சிட்டுப் போற எலி," என்றேன். "நல்ல பள்ளிக்கூடத்திலை படிச்சிருக்கு."

அண்ணை அந்தக் கறுப்புப் பொட்டலத்தை இராசநாயகத்தின் முன்னால் நீட்டினார். "கிரியைக்கு எள்ளைக் கறுப்புச் சீலையிலை முடியிறதுண்டோ?"

"ஆர் சொன்னது? அதுக்கு எள்ளு கையிலை அள்ளித் தண்ணியோடை விடுறது. இது சனீஸ்வரனுக்கு எரிக்கிற எள்ளுப் பொட்டலம். எண்ணெயிலை நனைச்சுக் கோயிலிலை ஏத்திறது." சொல்லிக்கொண்டே வந்தவர் இடையில் நின்றார். "ஏழரைச் சனி பிடிச்சவைக்கு."

"ஏழரைச் சனி செத்தவனைப் பிடிக்குமோ?"

 இராசநாயகம் மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தார். நான் வேதக்காரன். எங்கள் கோயிலில் செத்தவருக்கும் இருக்கிறவருக்கும் ஒரே மெழுகுதிரிதான். அதனால் எனக்கு இது பிடிபட ஒரு சந்தி தாண்ட வேண்டியிருந்தது. சனி பிடிப்பது உயிரோடு இருக்கிறவரைத்தான்.

கோயில் பூட்டுகிற நேரம். ஐயர் திறப்புக் கோர்வையோடு வெளியே வந்துகொண்டிருந்தார். இரத்தினம்மா அண்மையில் எள்ளு எரிக்க வந்தாளா என்று அண்ணை ஒரு கேள்விதான் கேட்டார். ஐயர் தயங்கினார், இராசநாயகத்தைப் பார்த்தார், பிறகு சொன்னார்.

"ஒரு வருசமாய் அந்த அம்மா வந்து மகனுக்கு மோட்ச விளக்குத்தான் ஏத்திறவ. போன சனிக்கிழமை வந்தா. எள்ளுப் பொட்டலம் எரிச்சுப்போட்டு, அருச்சனைத் தட்டை நீட்டினா. ஆரின்ரை பேருக்கெண்டு கேட்டன். செல்வநாயகம், கேட்டை நட்சத்திரம், விருச்சிக ராசியெண்டு சொன்னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. செத்தவனுக்கு ஆரும் நட்சத்திரம் சொல்லி அருச்சனை செய்யிறதோ? அம்மா, தெரிஞ்சுதான் சொல்லுறியளோ எண்டு கேட்டன். நீங்கள் செய்யுங்கோ ஐயா எண்டு சொல்லிப்போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நிண்டா."

*

இரத்தினம்மா முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். குசினி வாசலில் பத்மாசினி விறகோடு நின்றாள். எங்களைக் கண்டதும் விறகைக் கீழே வைத்தாள். அண்ணை நடக்கவில்லை. நான் கண்டறிய முதல் தடவையாக ஒரு இடத்தில் அசையாமல் நின்றார். பொட்டலத்தைச் சுளகுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது உங்கடை எள்ளு, அக்கா."

"எள்ளு எல்லா வீட்டிலையுந்தான் கிடக்கு."

"கறுப்புச் சீலையிலை முடிஞ்சது எல்லா வீட்டிலையும் இல்லை. சனிக்கிழமை காலமை கடைக்காரன் ரீவி ஏத்த வந்து நிண்டான். கசற்றை ஒளிச்சாச்சு, பெட்டி பாரமில்லாமல் கிடந்தது. கோயிலுக்குக் கொண்டுபோக முடிஞ்சு வைச்சது கையிலை கிடந்தது, அதைப் பெட்டிக்குள்ளை வைச்சிட்டியள். பேந்து வேறையொண்டு முடிஞ்சுகொண்டு கோயிலுக்குப் போனனீங்கள். மகனுக்குக் கேட்டை நட்சத்திரமெண்டு ஐயருக்குச் சொன்னனீங்கள்."

இரத்தினம்மா சுளகை மெதுவாகக் கீழே வைத்தாள். எழும்பிச் சாமியறைக்குள் போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு பழைய சட்டைச் சுருள். அதற்குள் கசற் இருந்தது.

இராசநாயகம் கிணற்றுக்கட்டில் அப்படியே இருந்துவிட்டார். "உயிரோடை இருக்கிற பிள்ளைக்கோ நான் தர்ப்பை வாங்கினனான்," என்றார்.  "தெரிஞ்சுகொண்டோ என்னைச் செய்ய விட்டனீ?"

"நீங்கள் அங்கை செய்யிறது அவனைப் பிடிக்காமல் இருக்கத்தான் நான் இஞ்சை அருச்சனை செய்தனான்," என்றாள் இரத்தினம்மா. "வேறை வழி எனக்குத் தெரியேல்லை. விடிய எழும்பினன். ரீவி தானாய்ப் பத்திச்சுது. பேய் பிடிச்சவன் மாதிரி ஒருத்தன் மேளம் அடிக்கிறான். பேந்து என்ரை பிள்ளை நிக்கிறான். நனைஞ்சு, சிரிச்சுக்கொண்டு. என்ரை ராசா எண்டு கிட்டப் போனன். அவன்ரை தோளிலை ஒரு வெள்ளைக்காரி சாஞ்சு நிக்கிறாள். நான் போட்டு அனுப்பின சங்கிலி, வேல் பதக்கத்தோடை அவளின்ரை கழுத்திலை கிடக்கு."

 மரியரட்ணம் ஏன் கிற்றாரைக் குனிந்து பார்த்தான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"செத்தவன்ரை பெண்சாதியெண்டால் சனம் இரங்கும்," என்றாள் இரத்தினம்மா. "விட்டிட்டுப் போனவன்ரை பெண்சாதியெண்டால் சிரிக்கும். நான் காய்ச்சலிலை கிடக்கேக்கை எனக்குப் பீ மூத்திரம் அள்ளின பிள்ளை இவள். இவளைப் பாத்து ஊர் சிரிக்க நான் விடமாட்டன். இவள் உதைப் பாக்கவும் கூடாது." அவள் கசற்றை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தாள்.

"அக்கா, அவ பாத்திட்டா," என்றார் அண்ணை. குசினி வாசலைத் திரும்பிப் பார்த்தார். "காலமை வந்தவுடனை தாடியும் மீசையுமாய் நிக்கிறாரெண்டு சொன்னனீர் தங்கச்சி. மரியரட்ணம் தாடியைப் பற்றி ஒருத்தருக்கும் சொல்லேல்லை. கறண்ட் போனதை மட்டும் எனக்குச் சொன்னனீர். வந்ததைச் சொல்லேல்லை."

பத்மாசினி முற்றத்துக்கு இறங்கி வந்தாள். அண்ணையைப் பார்க்கவில்லை, மாமியைப் பார்த்தாள்.

"நீங்கள் ரீவிக்கு முன்னாலை நிண்டியள் மாமி. நான் உங்களுக்குப் பின்னாலை கதவடியிலை நிண்டனான். நீங்கள் அழுததும் கண்டனான், கசற்றை எடுத்ததும் கண்டனான்."

"கண்டிட்டு ஏனடி பிள்ளை பேசாமல் இருந்தனீ?"

"நீங்களாய்ச் சொல்லுவியளெண்டு பாத்தன். சனி போச்சுது, ஞாயிறு போச்சுது. சோறு போட்டுத் தந்தியள், தலை இழுத்து விட்டியள், அதை மட்டும் சொல்லேல்லை. நான் கேட்டால் உங்களைக் கள்ளியெண்டு சொன்ன மாதிரிப் போடும். அதுதான் வேறை ஆரும் எடுத்துத் தரட்டுமெண்டு போனனான்."  ஒரு படி முன்னால் வந்தாள். "எனக்கு அவர் வருவாரெண்டு ஆசையில்லை. அந்த ஆசை ட்றம்ஸ்காரன் அடிச்சு முடிக்கமுந்திப் போட்டுது. ஆனால் உயிரோடை சிரிச்சுக்கொண்டு நிக்கிற மனிசனுக்கு நான் வெள்ளை உடுக்கமாட்டன். நான் ஆரையும் சாகக் குடுக்கேல்லை. ஊர் சிரிக்கிறதெண்டால் சிரிக்கட்டும். சிரிச்சால் நானும் திருப்பிக் கதைக்கலாம். இரங்கினால் என்ன கதைக்கிறது?"

அண்ணையின் கக்கத்தில் கசற்றின் வெறும் பெட்டி இன்னும் இருந்தது. பத்மாசினி கை நீட்டி அதை வாங்கினாள். பிறகு இரண்டு கையையும் பிடரிக்குக் கொண்டுபோய்க் கொடியைக் கழற்றினாள். இரத்தினம்மா "பிள்ளை" என்று கிட்ட வந்தாள். அதற்குள் கொடி பெட்டிக்குள் போய்விட்டது. மூடி ஒரு சின்னச் சத்தத்தோடு பூட்டிக்கொண்டது.

"கழட்டுறதெண்டால் நான் கழட்டுவன்," என்றாள். "கடற்கரையிலை ஆரும் கழட்டத் தேவையில்லை."

இராசநாயகம் கிணற்றுக்கட்டில் தலையைக் கைகளில் தாங்கியபடி இருந்தார். அவள் அவர் பக்கம் திரும்பினாள். "பெரிய மாமா, ஐயருக்குப் போய்ச் சொல்லிக் கிரியையை மறிச்சு விடுங்கோ. மகளின்ரை கலியாணத்துக்கு நாள் பாருங்கோ. இந்தக் குடும்பத்திலை ஒருத்தரும் சாகேல்லை."

 சோமசேகரம் அண்ணை சைக்கிளை நோக்கி நடந்தார். நானும் போனேன். பின்னால் இரத்தினம்மா விம்மி அழுகிற சத்தம் கேட்டது. மகனுக்கா மருமகளுக்கா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. படலையைத் திறக்கும்போது திரும்பிப் பார்த்தேன். பத்மாசினி மாமிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, நிலத்தில் கிடந்த கறுப்புப் பொட்டலத்தை எடுத்து, அவிழ்ந்த முடிச்சை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அழாதேங்கோ மாமி. வாற சனிக்கிழமையும் கோயிலுக்குப் போங்கோ," என்றாள். "அவர் நல்லாய் இருக்கட்டும். எள்ளை நான் முடிஞ்சு தாறன்."